சலித்த மண்

காலை ஏழு மணியானால் நிலவின் மூன்றாம் குடியிருப்பில் அழுக்குக்கு வரிசை நிற்கும். ஆளுக்கு ஒரு கரண்டி. அங்கேயே தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவாமல் வைக்க வேண்டும். கழுவினால் திட்டு விழும்.

குடியிருப்பு முழுவதும் ஒரே மூடிக்குள் இருந்தது. காற்றை வடிகட்டினார்கள், தண்ணீரை மூன்று தடவை காய்ச்சினார்கள், ஒரு கிருமியை உள்ளே விடவில்லை. மூன்று தலைமுறை இப்படிப் போயிற்று. ரத்தத்தில் இருக்கும் காவலணுக்கள் திருடனையே பார்க்காத போலீஸ்காரன் மாதிரி தின்றுவிட்டுத் தூங்கின. வயிற்றைக் கிழித்துத் தைத்தால் தையல் ஆறு மாதம் போட்டபடியே கிடந்தது. புண்ணை ஆற்றுவதும் அந்த அணுக்களின் வேலைதான் என்பது அப்புறம்தான் படித்தவர்களுக்கே உறைத்தது. ஆபரேஷனுக்கு நாற்பது நாள் முன்பிருந்து பூமியின் தெருமண்ணைக் குடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மண்ணிலுள்ள கிருமிகளோடு மல்லுக்கட்டிக் காவலணுக்கள் வேலை பழகும். மண்மருந்து என்று பெயர். ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் கூட்டி அள்ளியது கப்பலில் சாக்குச் சாக்காக வரும்.

சாக்கு இருந்தது கோமதிநாயகத்தின் பொறுப்பில். ஊருக்கே அண்ணாச்சி. மண்ணை அளக்கிற கை என்பதால் ஏகப்பட்ட மரியாதை. அவர் மனைவி சண்முகக்கனிக்குக் காலில் கட்டி, அறுத்து எடுக்க வேண்டும் என்று தெரிந்ததும், அந்த இடத்தில் இருக்கிற எவனும் செய்வதைத்தான் அவரும் செய்தார். சாக்கின் மேலாக இருந்த பொடிமண்ணை எடுத்துச் சலித்தார். தலைமுடி, ஈ இறக்கை, பீடித்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தார். மிளகாய் வற்றல் காயவைக்கிற மாதிரி தட்டில் பரப்பி, ஜன்னலோரம் மூன்று நாள் வெயிலில் வைத்தார். மேகமும் காற்றும் இல்லாத நிலவின் கடும் வெயில். பிறகு பொட்டலமாகக் கட்டினார்.

"ஏங்க, வரிசையில குடிக்கிறவங்க மூஞ்சியச் சுளிக்காங்க. இது என்ன, சத்துமாவு மாதிரி வழுக்கிட்டுப் போகுது?" என்றாள் சண்முகக்கனி.

"நம்ம வீட்டுக்குன்னு எடுத்த முதல் தரம் ஏட்டி. வாயை மூடிட்டுக் குடி."

காற்றுக்குழாய் பழுது பார்க்கிற பேச்சித்தாய்க்கும் சண்முகக்கனிக்குக் குறித்த அதே திங்கட்கிழமை பித்தப்பை ஆபரேஷன். அவள் ஒருமுறை வரிசையில் வைத்து, "கரண்டிய அமுக்கிப் போடும் அண்ணாச்சி, உம்ம வீட்டுச் சொத்தா போகுது?" என்று கேட்டவள். அண்ணாச்சி அதை மறக்கவில்லை. அவளுக்கு நாற்பது நாளும் சாக்கின் அடியில் கைவிட்டு, ஈரம் கட்டி நாறிய கட்டியாகப் பார்த்துத் தோண்டிக் கொடுத்தார்.

"இதுல பாதி செத்த எலி போலல்லா இருக்கு?"

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்."

ஆபரேஷன் முடிந்தால் புண்ணின் மேல் ஒரு தாள் ஒட்டுவார்கள். ஆறினால் பச்சை, ஆறாவிட்டால் சிவப்பு. பேச்சித்தாய்க்கு ஐந்தாம் நாளே பச்சை. சண்முகக்கனிக்கு ஒன்பதாம் நாளும் ரத்தச் சிவப்பு. கால் வீங்கிப் பளபளத்தது.

வீட்டுக்குக் கிளம்பிய பேச்சித்தாய் அண்ணாச்சியைத் தேடி வந்து கும்பிட்டாள். "அன்னைக்குத் துடுக்காப் பேசிட்டேன், மனசுல வைக்காதீங்க. எனக்குன்னு தோண்டித் தோண்டி எடுத்தீங்களே, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். சொந்த வீட்டு ஆளுக்குக்கூட யாரு அப்படிச் செய்வா?"

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் மாசிலாமணி வந்து கேட்டார். "மருந்து ஒழுங்காத்தானே குடிச்சாங்க?"

"வரிசையில எல்லாருக்கும் குடுத்ததுதான் டாக்டர்."

வாய் கூசாமல் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போகும்.

"அப்போ அவங்க உடம்பு வாகே அப்படித்தான். நாளைக்குக் காலையில கால முழங்காலோட எடுத்துருவோம்."

டாக்டர் போன பிறகு சண்முகக்கனி அவர் கையைப் பிடித்தாள். "நீங்க என்ன செய்வீங்க? பாத்துப் பாத்துத்தான் குடுத்தீங்க. என் உடம்புதான் சனியன்."

அதற்கு மேல் அவரால் அங்கே உட்கார முடியவில்லை. டாக்டரின் அறைக்குப் போய், சலித்தது, காயவைத்தது, பொய் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினார்.

"வெயில்லயா வச்சீங்க? அந்த வெயில்ல ஒரு கிருமி மிஞ்சுமாய்யா? மேல்மண்ணுல இருக்கிறதே கொஞ்சம். அடியில ஈரத்துலதான் அம்புட்டும் இருக்கு. நாப்பது நாளா வெறும் புழுதியக் குடுத்திருக்கீரு!" என்று கத்திய டாக்டர் சட்டென்று நிறுத்தினார். "எங்க அப்பாவுக்குன்னு ஒரு பொட்டலம் குடுத்து விட்டீரே..."

"அதுவும் முதல் தரம்தான். டாக்டர் வீடாச்சேன்னு ரெண்டு தடவ சலிச்சேன்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வழி ஒன்றுதான் இருந்தது. நன்றாக ஆறிய ஒருவரிடமிருந்து காவலணுக்களை எடுத்துச் சண்முகக்கனிக்கு ஏற்ற வேண்டும். பேச்சித்தாய் வாசலில் பையோடு நின்றாள். சண்முகக்கனிக்கு அணுக்கள் வேண்டும் என்றதும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"வேணுங்கிற மட்டும் எடுத்துக்கோங்க. அண்ணாச்சி தேத்திக் குடுத்த உடம்புதானே."

ஊசி அவள் கையில்தான் ஏறியது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் தாளின் ஓரத்தில் பச்சை படர்ந்தது. கால் தப்பியது.

அண்ணாச்சிக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போனார். "வரிசையில எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன். பேச்சித்தாய் கால்ல விழுதேன். இல்லன்னா எனக்கு ஆறாது."

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். "சொல்லி? நாளைக்கே அம்புட்டுப் பேரும் அடிமண்ணுக்கு அடிச்சுக்குவான். ஒரு சாக்குல எவ்வளவு அடி இருக்கும்? அப்பாவுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். ஏத்துன அணு கொஞ்ச நாள்தான் தாங்கும், உங்க வீட்டம்மாவுக்கும் இன்னும் நாப்பது நாள் மருந்து வேணும். யோசிங்க."

அண்ணாச்சி யோசித்தார். ரொம்ப நேரம் ஆகவில்லை.

மறுநாள் விடிந்ததும் புதுச் சாக்கைக் கவிழ்த்தார். அடியில் நாறிய ஈரமண்ணை எல்லாம் வழித்து இரண்டு பொட்டலம் கட்டி மேஜைக்குக் கீழே தள்ளினார். மிச்சமிருந்த பொடிமண்ணைக் கொட்டி வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். பேச்சித்தாய் மகளோடு முதல் ஆளாக நின்றாள்.

"அண்ணாச்சி, மகளுக்கு அடுத்த மாசம் குடல்ல ஆபரேஷன். எனக்குக் குடுத்தது மாதிரியே பாத்துக் குடுங்க."

அண்ணாச்சியின் கை நிற்கவில்லை. ஒரு கரண்டி அள்ளி, முன்னெப்போதும் இல்லாதபடி நன்றாக அமுக்கிப் போட்டார்.

பேச்சித்தாய் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆத்தீ, எம்புட்டுச் சுத்தமா இருக்கு!" என்று சொல்லி, மறுபடியும் அவரைக் கும்பிட்டாள்.