முதுகோடு முதுகு

மூச்சுவிடக்கூட நேரமில்லாத எங்களுக்கு மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்க மாதம் ஒருமுறை பயிற்சியாளர் ஒருவர் வருவார். மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கோடியில் ஒரு பழைய வார்டைக் காலி செய்து பாய் விரித்திருந்தார்கள். கட்டில்கள் போய்விட்டன, மருந்து நெடி போகவில்லை. நர்ஸுகள் நாங்கள் அங்கே போவதே கொஞ்ச நேரம் உட்காரலாம் என்பதற்காகத்தான்.

சிட்டு இறந்த பிறகு ஆறு மாதம் அந்த அறை பூட்டிக் கிடந்தது. போன வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மறுபடி திறந்தார்கள்.

சிட்டு எங்களில் இளையவள். கால் தரையில் பாவாமல் வார்டு வார்டாகச் சுற்றுவதால் அந்தப் பெயர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கியிருப்பாள். அவள் இறந்த அன்றைக்கு இருவர் இருவராக முதுகோடு முதுகு ஒட்டி உட்காரும் பயிற்சி. மற்றவரின் மூச்சை நம் முதுகில் உணர வேண்டும். எனக்கு ஜோடி சிட்டுதான். பாதியில், தாடை வலிக்கிறது, இடது கை மரத்துப்போகிறது என்றாள்.

ஒரு நோயாளி அதைச் சொல்லியிருந்தால் ஓடிப்போய் இ.சி.ஜி. எடுத்திருப்போம். சொன்னவள் நர்ஸ். அதனால் அதை டென்ஷன் என்றோம்.

"எல்லாம் மனசுதான். இன்னும் நாலே நிமிஷம், முடிச்சிட்டுப் போ" என்றார் தலைமை நர்ஸ். நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுவோம். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

சற்று நேரத்தில் என் முதுகில் அவள் மூச்சு தெரியவில்லை. நன்றாக அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

விசாரணை வந்தபோது, அவள் வலி என்று எதுவும் சொல்லவில்லை என்று பெரியக்கா எழுதினார். நாங்கள் நால்வரும் கையெழுத்துப் போட்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். வாசலில் அவள் கணவன் என்னை நிறுத்தினான்.

"கடைசியா ஏதாவது சொன்னாளாக்கா?"

"இல்லப்பா. தூங்கற மாதிரிதான் போனா."

வியாழக்கிழமை வந்தவர் புதிய பயிற்சியாளர். அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஐந்து பேர் வந்திருந்தோம். இரண்டு ஜோடி போக, பெரியக்கா மட்டும் அறை நடுவில் தனியாக உட்கார்ந்தார்.

"கண்ண மூடிக்குங்க. நாலு எண்ணுற வரைக்கும் இழுங்க. நாலு வரைக்கும் பிடிங்க. ஆறு வரைக்கும் விடுங்க."

மின்விசிறியை நிறுத்திவிட்டார். வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே தூரம் போனது. ஐந்து பேர் மூச்சும் சேர்ந்து இறங்கியது.

பிறகு ஆறாவதாக ஒன்று, கொஞ்சம் தாமதமாக.

கிராம்பு வாசனை வந்தது.

"யாரு என் முதுகுல சாயறது?" என்று பெரியக்கா மெல்லக் கேட்டார்.

கண்ணைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஆனால் அவர் சாய்ந்திருந்தார். சுவரும் நாற்காலியும் இல்லாத இடத்தில், விழாமல், நன்றாகப் பின்னால் சாய்ந்திருந்தார்.

"பிடிங்க" என்றார் பயிற்சியாளர்.

பெரியக்கா பிடித்தார்.

"விடுங்க."

அவர் விடவில்லை.

"பெரியக்கா எவ்ளோ நல்லா செய்றாங்க பாரு" என்று என் ஜோடி கிசுகிசுத்தாள். பெரியக்காவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கண் என்மேல் இருந்தது. ஓடினோம். படுக்க வைத்தோம், பழைய வார்டின் சுவர்க் குழாயிலிருந்து ஆக்சிஜன் வைத்தோம், நெஞ்சை அழுத்தினேன். கையின் கீழே மார்பு காற்றடைத்துக் கல்லாக இருந்தது. எத்தனை அழுத்தியும் ஒரு துளி காற்று வெளியே வரவில்லை. டாக்டரைக் கூப்பிட ஒருத்தி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பூட்டாத கதவு திறக்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நர்ஸுக்கு அது பழக்கம். சரியாக நான்கு நிமிடம்.

அப்போதுதான் அந்த மூச்சு வெளியே வந்தது, ஆறு எண்ணும் வரைக்கும், நிதானமாக. அதற்குப் பிறகு பெரியக்கா மூச்சு இழுக்கவில்லை. கதவு தானாகத் திறந்தது.

டென்ஷனால் வந்த மாரடைப்பு என்று எழுதினார்கள். மற்ற மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை.

தம்பி, உனக்குத்தான் இதை எழுதுகிறேன். அன்று வாசலில் உன்னிடம் சொன்னது பொய். உன் மனைவி வலிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை எனக்கு மட்டும் கேட்கும்படி, "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள். அவள் அடங்கிவிட்டதாக நினைத்தேன் என்று மேலே எழுதியதும் பொய். மூச்சு நின்றது எனக்குத் தெரியும். பதினேழு வருடமாக நர்ஸாக இருக்கிறேன், தெரியாமல் போகுமா? பெரியக்காவுக்குப் பயந்து, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கடிதத்தை எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டு.

முதுகு இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் வரியிலிருந்தே என் முதுகில் ஒரு முதுகு ஒட்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் விலகிவிடும் என்று நம்பினேன்.

எழுந்திருக்க முடியவில்லை. மூச்சை உள்ளே இழுத்தேன், வெளியே

"நாலே நிமிஷம்க்கா" என்கிறாள். கிராம்பு வாசனை அடிக்கிறது.