மேவிஸுக்குத் தொட்டித் தண்ணீர்

இன்றைக்கும் எங்காவது அழுகிய முட்டை வாசனை அடித்தால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு மட்டும் எங்கள் பழைய வீட்டின் நினைப்பு வந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், மழை மறந்துபோன ஓர் ஊரில் நாங்கள் இருந்தோம். பூமிக்கு அடியிலிருந்து வரும் ஆழ்குழாய்த் தண்ணீர் சுடச்சுட வரும், உப்புக் கரிக்கும், முட்டை வாசனை வீசும். குளிப்பதும் துவைப்பதும் அதில்தான். மழைத் தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் தகரத் தொட்டியில் இருக்கும். அது குடிக்கவும் தேநீர் போடவும் மட்டும். வாரத்துக்கு ஒரு வாளி எனக்குக் கிடைக்கும், தலை அலச. ஆழ்குழாய்த் தண்ணீரில் அலசினால் என் தலைமுடி துடைப்பமாகிவிடும்.

சாயங்காலம் அப்பா சாலை போடும் வேலையிலிருந்து வந்ததும் தொட்டியை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். 'டங், டங்' என்றால் காலி. 'தொப்' என்று கேட்கும் இடத்தில் தண்ணீர். அந்த 'தொப்' எங்கே வருகிறது என்று வீடே காது கொடுத்துக் கேட்கும். அந்த வருஷம் அது அப்பாவின் முழங்காலுக்கும் கீழே போயிருந்தது.

அப்போதுதான் மேவிஸ் வந்தாள்.

பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்த ஒருவர் வேலை முடிந்து ஊரைவிட்டுப் போனபோது, வளர்த்த பாம்பைக் கண்ணாடிப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர் கூப்பிட்டதும் அப்பா போய், பாம்பைத் தலையணை உறையில் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். பெட்டியையும் விடவில்லை.

விஷமில்லாத மலைப்பாம்பு. என் கை அளவுக்குப் பருமன். ஆனால் பார்க்கப் பாவமாக இருந்தது. பழைய தோல் முழுசாக உரியாமல் துண்டுதுண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண் இரண்டின் மேலும் வெள்ளைப் படலம்.

"மூஞ்சிய பாரு, தபால் ஆபீஸ் மேவிஸ் அம்மா மாதிரியே உம்முன்னு இருக்கா," என்றான் என் அண்ணன் க்ளென். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

"ஏம்ப்பா, காட்டுல விட்டுட்டா என்ன?" என்று கேட்டேன்.

"வீட்டுலயே பொறந்து வளர்ந்தது, ராஸ். காட்டுல அதுக்கு இரை பிடிக்கக்கூடத் தெரியாது."

அப்பா பெட்டியில் காய்ந்த மணலைப் பரப்பினார். மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டார். தண்ணீருக்கு ஒரு ஜாடி மூடியை வைத்தார், அவ்வளவுதான்.

"ஈரம் பட்டா தோல் அழுகிடும். நம்ம ஊர்ப் பாம்புங்கள பாரு, வெயில்ல காஞ்சு கெடக்குது, எவ்ளோ நல்லா இருக்கு," என்றார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மேவிஸ் தேறவில்லை. எலியை வைத்தால் தலையை நீட்டிப் பாயும். எலியை விட்டுவிட்டுக் கண்ணாடியில் 'ணங்' என்று மோதும். பிறகு சுருண்டு படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை அது மோதும்போதும் எனக்கே நெற்றி வலித்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவை மிருக டாக்டர் நம்ம ஊருக்கு வரும்போது காட்டிடலாம். கண்ணு தெரியாம, பட்டினி கெடந்து கஷ்டப்பட வேண்டாம்."

"டாக்டர் சரிபண்ணிடுவாரா?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான், "ஊசி போட்டுத் தூங்க வச்சிடுவாங்கம்மா," என்றாள்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். எழுந்து போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். மேவிஸின் வாயோரம் வெடித்திருந்தது. அதே மாதிரி வெடிப்பை வேறு யாரிடமோ பார்த்திருக்கிறேன். யார்?

ட்ரூடி. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த சித்தி மகள். அவள் ஊர் கடலோரம். துணி காயவே காயாத அளவுக்கு அங்கே மழை. எங்கள் ஊருக்கு வந்ததும் அவளுக்கு உதடு வெடித்தது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் உரிந்தது. அம்மா ராத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் ஈரத் துண்டைத் தொங்கவிடுவாள்.

"அப்பா, பாம்ப விட்டுட்டுப் போனாரே, அவரு எந்த ஊரு?"

"கடலோரம். வாழைத்தோட்டத்துல இருந்தேன்னு சொல்லுவாரு. ஏன்?"

"அப்ப மேவிஸும் ட்ரூடி ஊருதானே? அவ நம்ம ஊர்ப் பாம்பே இல்ல. மழைப் பாம்பு. நாமதான் அவளக் காய வைக்கிறோம்."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். அவர் தலையைச் சொறிந்தால் தோற்றுவிட்டார் என்று அர்த்தம்.

க்ளெனிடம் ஒரு பிஸ்கட் டப்பாவில் வாசல் மாதிரி ஓட்டை போடச் சொன்னேன். அவன் கூர் முனையையெல்லாம் தேய்த்துக் கொடுத்தான். உள்ளே துண்டை நனைத்து வைத்தேன். மேவிஸ் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, முழு உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. துண்டு காய்ந்ததும் அவள் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. ஆழ்குழாய்த் தண்ணீர். தோல் முன்னைவிட இறுகிப்போயிருந்தது.

"அப்பா, தொட்டித் தண்ணி வேணும்."

அப்பா எழுந்து போய்த் தொட்டியைத் தட்டினார். டங், டங், டங். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் 'தொப்' கேட்டது.

"கண்ணு, இது நமக்குக் குடிக்கவே காணாது. பாம்புக்குக் குடுத்தேன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்."

"குடிக்கிற தண்ணி வேண்டாம்பா. என் தலைக்கு ஒரு வாளி உண்டில்ல, அத அவளுக்குக் குடுக்குறேன்."

"அடுத்த வாரம் ஸ்கூல்ல போட்டோ எடுக்குறாங்கடி," என்றாள் அம்மா.

அது எனக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறைதான் போட்டோக்காரர் வருவார். நீல ரிப்பன் எடுத்து வைத்திருந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனாலும், "பரவால்லம்மா," என்றேன்.

துண்டை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து டப்பாவுக்குள் வைத்தேன். காயக் காய நனைத்தேன். துண்டிலிருந்து பிழிந்த தண்ணீரைக்கூடச் சொட்டு விடாமல் தக்காளிச் செடிக்கு ஊற்றினேன். க்ளென் பொறுமை இல்லாமல், "தோல ஒரு ஓரத்துல பிடிச்சு இழுத்துடவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"உன் காயத்துல ஒட்டுன பிளாஸ்திரிய நான் இழுத்தா எப்படி இருக்கும்? கைய எடு."

என் தலைமுடி சொன்னபடி துடைப்பமானது. ரிப்பன் நிற்கவே இல்லை, நழுவி நழுவி விழுந்தது. போட்டோவில் மற்றவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள், என் முடி மட்டும் நாலு திசையும் பார்க்கிறது. பையன்கள் கேலி செய்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் தபால் ஆபீஸ் மேவிஸ் அம்மாள் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார்.

"ஏ பொண்ணு, எம்பேரு வச்சது சாப்பிட்டுச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"நான்னா இதுக்குள்ள ஒரு ஆட்டையே முழுங்கியிருப்பேன்," என்று சொல்லிவிட்டு, கேக் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் க்ளென் கத்திய கத்தலில் நான் கட்டிலிலிருந்து விழுந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் ஈரத் துண்டின் மேல் ஒரு முழுத் தோல். காலுறையைக் கழற்றிப் போட்ட மாதிரி உள்பக்கம் வெளியே தெரிய, தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே தோல். தலைப்பக்கத்தில் கண்ணாடி மாதிரி இரண்டு சின்ன வட்டம். கண் மேலிருந்த படலமும் சேர்ந்து வந்திருந்தது.

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு என் துடைப்பத் தலையில் கை வைத்தார்.

நான் டப்பாவின் வாசலில் குனிந்தேன். மேவிஸ் மெல்லத் தலையை நீட்டினாள். உடம்பெல்லாம் தங்கமும் பழுப்புமாக மின்னியது. பழைய வெள்ளைப் படலம் இருந்த இடத்தில் பளபளவென்று இரண்டு கண்கள். அவை நேராக என்னைப் பார்த்தன.

அடுத்த நொடி சட்டென்று பின்வாங்கி டப்பாவுக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

"பாத்தியா, உன் தலையப் பாத்துப் பயந்துட்டா," என்று விழுந்து விழுந்து சிரித்தான் க்ளென்.

எனக்குக் கோபமே வரவில்லை. குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"பயந்துட்டாளா? அப்ப கண்ணு நல்லாத் தெரியுது," என்றேன்.