இடது காதோரக் கோணல்

வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டிய ஒன்பதாம் நாள் காலையில் ஹாஜாவின் தலை பின்னியிருந்தது.

முந்தின நாள்வரை அந்த ஆறு வயதுப் பெண்ணின் முடி, சீப்பையே பார்க்காமல் சிலுப்பிக்கொண்டு நின்றது. இன்றைக்கு நெற்றியிலிருந்து பிடரிவரை ஏழு வரிசை, தலையோடு ஒட்டி, உழுது போட்ட வயல் மாதிரி. யேமா கயிற்றுக்கு வெளியே ஆறடி தள்ளி நின்று, கையிலிருந்த காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நீட்ட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோமாலு ஊரில் ஒருத்தர் தலையை இன்னொருத்தர் தொட்டு இரண்டு மாதம் ஆகிறது. தொட்டால் வரும் காய்ச்சல். கை குலுக்கக் கூடாது, அழுகிற பிள்ளையைத் தூக்கக் கூடாது, செத்தவரைக் குளிப்பாட்டக் கூடாது. சந்தையில் தலை பின்னுகிற பெண்கள் உட்காரும் பெஞ்சுகளைக்கூடப் பட்டாளத்துக்காரர்கள் அடுக்கி எரித்துவிட்டார்கள்.

“யாரு பின்னிவிட்டா?”

ஹாஜாவின் அம்மா ஜட்டு, வாசலில் மரவள்ளி இலை இடித்துக்கொண்டிருந்தவள், உலக்கையை நிறுத்தாமலே சிரித்தாள். “கேக்கறதப் பாரு. நேத்து சாயங்காலம் நீதானே பிள்ளைய முட்டிக்கு நடுவுல உக்காத்திவச்சுப் பின்னின? காலேஜுல பட்டத்தோட மறதியும் சேத்துக் குடுப்பாங்களா?”

நேற்று சாயங்காலம் யேமா சுகாதார ஆபீஸ் தரையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நாற்காலிகள் தலைநகரத்திலிருந்து வந்த ஐயாக்களுக்கு. அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, தரைதான் அவளுக்கு.

கயிற்றைக் காத்த சிப்பாயைக் கேட்டாள். “வந்தீங்களே, அக்கா. மழையில நனைஞ்சு, பூட்ஸ்கூட இல்லாம. உங்க மூஞ்சியத் தெரியாதா எனக்கு?”

காற்று திரும்பியது. இரண்டு மாதமாக ஊர் முழுக்கக் குளோரின் நெடிதான். சோற்றில், துணியில், மூக்குக்குள். அதைக் கிழித்துக்கொண்டு வேறொரு வாசனை வந்தது. பனைக்கொட்டை எண்ணெய். தலை பின்னும்போது விரல் நுனியில் தொட்டுத் தொட்டுத் தடவுகிற கருத்த எண்ணெய். ஹாஜா தலையைத் திருப்பினாள். ஏழாவது வரிசை இடது காதுக்குப் பக்கத்தில் நேராகப் போகாமல், தூண்டில் முள் மாதிரி உள்ளே கோணியிருந்தது.

யேமாவுக்கு அந்தக் கோணலைத் தெரியும். அது அவளுடையது.

காலேஜ் ஃபீஸுக்காக நாலு வருஷம் சந்தையில் தென்னே அக்காவின் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்குத் தலை பின்னியவள் யேமா. எவ்வளவு கவனமாக இழுத்தாலும் இடது காதோரம் வரும்போது அவள் கை கோணிவிடும். “உன் கையெழுத்துடி அது,” என்று தென்னே அக்கா சிரிப்பாள். “எந்தத் தலை எங்க போனாலும் நான் கண்டுபிடிச்சுருவேன்.”

காய்ச்சல் வந்தபோது யேமாவின் பட்டியலில் முதல் பெயர் தென்னே அக்காதான். பட்டியல் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நோயாளியைக் கேட்பார்கள், யார் உன்னைத் தொட்டார்கள் என்று. தொட்டவர் வீட்டைச் சுற்றிக் கயிறு. இருபத்தோரு நாள், இருபத்தோரு கட்டம். காலையில் ஒருத்தி வந்து ஆறடி தூரத்தில் நின்று காய்ச்சல் பார்த்து ஒரு கட்டத்தை நிரப்புவாள். அந்த ஒருத்தி யேமா. மருந்து கிடையாது. ஆம்புலன்ஸ் வந்தால் வரும். கட்டத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

எட்டாம் நாள் தென்னே அக்கா கயிற்றுவரை நகர்ந்து வந்தாள். பாதித் தலை அவிழ்ந்திருந்தது. “இந்தக் கோலத்துல என்னைப் பையில போட்டுக் கட்டிருவாங்கடி. நாலே வரிசை. வந்து பின்னிவிட்டுப் போயிடு.” யேமா ஆறடி தள்ளி நின்று விதியைச் சொன்னாள். அன்று மத்தியானமே பையின் ஜிப்பை இழுத்து மூடினார்கள். விதி சரியான விதிதான். அதனால்தான் யேமாவால் யாரையும் குறைசொல்ல முடியவில்லை. தன்னைக்கூட.

ஜட்டு வீட்டுக் கயிற்றின் பதினோராம் நாள் ஹாஜாவுக்குக் காய்ச்சல். வண்டி சாயங்காலம் வந்து எடுத்துப் போனது. ஜட்டு உலக்கையைப் பிடித்தபடியே நின்றாள், இடிக்கவில்லை.

அடுத்த வீடு வாண்டிப் பெரியவருடையது. மருமகள் தலையில் ஏழு வரிசை. காதோரம் கோணல். பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து தன் வழுக்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“முன்னயெல்லாம் எங்களை ஆட்டு மந்தை மாதிரி தூரமா நின்னு எண்ணிட்டுப் போவ. கோவமா இருந்துச்சு. இப்பத்தான் மனுஷியாயிட்ட.”

“என்ன பண்ணினேன் பெரியப்பா?”

“கையப் பிடிச்சியே. எனக்குப் பின்ன முடி இல்லன்னு மண்டையத் தடவிக் குடுத்துட்டுப் போன. என் பொண்டாட்டி போனப்புறம் இந்த மண்டைய யாரும் சீந்தல, போ.”

“அது நான் இல்ல பெரியப்பா. இனிமே வந்தா உள்ள விடாதீங்க.”

பெரியவர் மறுபடி வழுக்கையைத் தடவினார். “நீ இல்லன்னா இருந்துட்டுப் போகட்டும்,” என்றார். “வந்தா வரட்டும்.”

மேலதிகாரி லன்சானாவிடம் சொன்னாள். அவர் எரிந்து விழவில்லை. அதற்கும் தெம்பில்லாத ஆள். “உன்ன மாதிரி எவளோ கயிறு தாண்டுறா. இல்ல, நீயே தாண்டுற. எதை எழுத? எதுக்கும் படிவத்துல எடம் இல்ல.”

“என்னையே பட்டியல்ல போடுங்க சார். என் வீட்டச் சுத்திக் கயிறு கட்டுங்க.”

“கட்டிட்டு? நாளைக்குப் பதினாலு வீட்டுக்கு யாரு போவா, உங்க அப்பனா? நெத்தியக் காட்டு.” துப்பாக்கியை நீட்டினார். காய்ச்சல் இல்லை. “போய் வேலையப் பாரு.”

அன்றைக்கு அவள் சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் நின்றாள். நோய் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று அவளே போட்ட அம்புகள். தென்னே வீடு. ஜட்டு வீடு. வாண்டி வீடு. கிணற்றடி வீடு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு. தண்ணீரோ சந்தையோ சொந்தபந்தமோ அந்த வீடுகளைச் சேர்க்கவில்லை. சேர்த்தது ஒன்றே ஒன்று. காலையில் அவள் நடக்கிற பாதை. அதே வரிசை, ஒரு வீடுகூடத் தாண்டாமல். படிவங்களைப் புரட்டினாள். உன்னை யார் தொட்டார்கள் என்ற கேள்விக்குக் கீழே, அவள் கையெழுத்திலேயே, நோயாளிகள் சொன்னபடி: யேமா. யேமா. யேமா.

பதினாலு வீடு முடிந்ததும் அவள் போகிற இடம் ஒன்று இருக்கிறது.

வீட்டில் பைந்து இருந்தாள். பத்து வயசு, யேமாவின் தங்கை. அப்பாவும் அம்மாவும் எல்லைக்கு அந்தப் பக்கம் பண்ணை வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டார்கள்; பட்டாளம் பாதையை மூடிவிட்டது. ஒரே அறை. நடுவில் யேமா சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். ஐம்பத்துமூன்று நாளாக அவள் தங்கையைத் தொடவில்லை. தட்டைக் கோட்டின் மேல் வைத்துவிட்டு விலகுவாள். பைந்து வந்து எடுத்துக்கொள்வாள்.

“ஒரே ஒரு வரிசைக்கா. தலை அரிக்குது. என்னைப் பாத்தா தெருப் பிள்ளைங்க பேய்ன்னு சொல்லுதுங்க.”

“சொல்லட்டும்.”

தினமும் திரும்பி வந்ததும் யேமா முதலில் அந்தத் தலையைத்தான் பார்ப்பாள். சிக்குப் பிடித்து, பஞ்சு ஒட்டிக்கொண்டு, புதர் மாதிரி. அது அப்படியே இருந்தால் மூச்சு வரும். அந்தச் சிக்கை விட அழகான ஒன்றை அவள் பார்த்ததில்லை.

வரைபடத்தைப் பார்த்த மறுநாள், கிளம்புமுன் கோட்டுக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தாள்.

“பைந்து, நான் இல்லாதப்ப நான் வந்தா கதவத் தெறக்காத.”

“அதென்ன பேச்சு?”

“என்னை மாதிரியே இருக்கும். நான் இல்ல.”

சிறியவள் சிரிக்கப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். “அப்ப நீன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

யேமா யோசித்தாள். வேறு அடையாளம் எதுவும் மிச்சமில்லை.

“உன்னைத் தொடாதவதான் நான்.”

பைந்து தலையாட்டினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் யேமா கிளம்பினாள்.

மழை பதினோரு மணிக்குப் பிடித்தது, தகரக் கூரைகளில் சரளைக்கல் கொட்டுவதுபோல. பன்னிரண்டாவது வீட்டில் ஏழு வரிசை. பதின்மூன்றாவது வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஏழேழு வரிசை, இரண்டு பேரும் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். பதினாலாவது வீடு கடைசி. அங்கே கிழவி ஒருத்தி வாசலில் ஒற்றையாக உட்கார்ந்து, எண்ணெய் மினுங்கும் தலையை விரலால் தடவிப் பார்த்தபடி நிமிர்ந்தாள்.

“என்ன பொண்ணே, திரும்பி வந்துட்ட? தங்கச்சிக்குப் பின்னணும், நேரமாச்சுன்னு இப்பத்தானே ஓடின.”

யேமா ஓடினாள்.

படிவங்கள் எங்கோ விழுந்தன. சேறு ஒரு பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டது. விழுந்தாள், எழுந்தாள், இன்னொன்றையும் உதறினாள். வெறுங்காலில் ஓடினாள். எரித்த பெஞ்சுகளின் கரி மழையில் கரைந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. கிணறு. பள்ளிக்கூடம். சந்து. முதலில் வாசனைதான் வந்தது.

பனைக்கொட்டை எண்ணெய்.

கதவு திறந்திருந்தது. கோட்டைச் சேற்றுக் கால் அழித்திருந்தது. வாசற்படியில் பைந்து உட்கார்ந்திருந்தாள், இரண்டு முழங்கால்களுக்கு நடுவில். பின்னால் அறை இருட்டு. முழங்காலுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இருட்டிலிருந்து இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்து, தங்கையின் தலையில், அவசரமில்லாமல். கட்டை விரலில் சமையல் கத்தி வெட்டிய தழும்பு. யேமாவின் தழும்பு. மரச்சீப்பு டக் என்றது. மறுபடியும் டக்.

ஆறு வரிசை முடிந்திருந்தது.

யேமா ஆறடி தள்ளி நின்றாள். அங்கே நிற்கவேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. ஐம்பத்துமூன்று நாள் பழக்கம். கால் அங்கேயே நின்றுவிட்டது.

“பைந்து. எழுந்து வா.”

பைந்து கண்ணைத் திறந்தாள். அழுதிருந்தாள், இப்போது அழவில்லை. இத்தனை நாளில் அவள் முகம் இவ்வளவு தளர்ந்து யேமா பார்த்ததில்லை.

“அது நான் இல்லடி.”

“தெரியும்க்கா,” என்றாள் பைந்து. “நீ தொட மாட்டியே.”

கைகள் நிற்கவில்லை.

“தெரிஞ்சுதான் தெறந்தேன். கை இதமா இருக்குக்கா.” கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். “கொஞ்சம் இரு. இன்னும் ஒண்ணுதான்.”

ஆறடி. இரண்டு எட்டு வைத்தால் போதும். யேமா தன் வலது கையைத் தூக்கினாள். மணிக்கட்டுவரை எண்ணெய் மினுங்கியது. மழை அதன்மேல் முத்து முத்தாக உருண்டது. நகக் கண்ணில் சுருண்ட கருப்பு முடி ஒன்று.

படியில் அந்தக் கைகள் ஏழாவது வரிசையைத் தொடங்கின. நெற்றியிலிருந்து. நேராக. மெதுவாக.

இடது காதோரம் வந்தன. கோணின.