உறையில் ஒரு துளை

அன்று காலை வரிசையில் எல்லாமே தைராய்டு. திசுநோக்கி எந்திரம் ஒவ்வொரு திசுப் படத்தையும் திரையில் விரித்து, தீர்ப்பைச் சொல்லி, "ஒப்புகிறீர்களா?" என்று கேட்கும். ஆய்வகத்தில் அதைச் சரிபார்க்கும் செண்பகவல்லி திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புவாள். எந்தத் தீர்ப்பிலும் ஒரு மனிதக் கண் பட்டாக வேண்டும் என்பது சட்டம். மறுக்கவும் உரிமை உண்டு. மறுப்பு தவறென்றால் நாற்காலி போய்விடும். அதனால் அந்த ஆய்வகத்தில் யாரும் மறுத்ததே இல்லை.

அடுத்த படம் ஜெசிந்தாவுடையது. கழுத்துக் கட்டியோடு பாதித் தைராய்டை ஏற்கெனவே எடுத்தாயிற்று.

"புற்று. செல்கள் கட்டியின் உறையைத் துளைத்துள்ளன. மீதிப் பாதியையும் நீக்க வேண்டும்" என்றது திசுநோக்கி.

நீக்கினால் ஆயுளுக்கும் மாத்திரை. மாத்திரையை நம்பி வாழ்பவர்களைக் கடலடி ஊருக்கு அனுப்புவதில்லை. ஜெசிந்தாவோ அங்கே வேலை கிடைத்து, கிளம்பக் காத்திருந்தவள்.

கட்டிக்குள் எல்லாம் சாதுவாகத்தான் தெரிந்தது: ஒரே மாதிரிச் சிறு குமிழ்கள், உள்ளே ரோஜா நிறக் கூழ். உறையில் மட்டும் ஓர் இடைவெளி. புற்று உறையைக் கிழித்தால் காளான் போல வெளியே விரியும். இது கோடு போட்டாற்போல நேராகப் போயிருந்தது. ஓரத்தில் தழும்பு, பழைய இரத்தத்தின் பழுப்புத் துகள்கள்.

மாலை வகுப்பில் பார்த்த, திசு ஒட்டிய பழைய கண்ணாடித் தகடுகள் நினைவுக்கு வந்தன. ஊசித் தடம்! ஆனால் குத்தாமலே உடலுக்குள் பார்க்கும் ஒளிவருடி வந்தபின் கழுத்தில் ஊசி குத்துவார் யாருமில்லை. திசுநோக்கிக்கும் அதை யாரும் கற்றுத்தரவில்லை. நமக்குத்தான் கண் மயங்குகிறதோ?

தலைமை மருத்துவர் குமரகுருவிடம் போனாள்.

"ஏம்மா, மிஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்?"

"தெரியல சார். அதான் கேட்டுப் பாக்கலாம்னு."

"யார்கிட்ட?"

"அந்தக்காகிட்டயே."

அவர் சிரித்தார். "நோயாளிகிட்ட பேசறதா! அதெல்லாம் எப்பவோ நின்னு போச்சே. சரி, கூப்பிடு."

திரையில் ஜெசிந்தா வந்தாள்.

"அக்கா, ஆபரேஷனுக்கு முன்னால கழுத்துல யாராச்சும் ஊசி குத்தினாங்களா?"

"ஆமா. போன புயல்ல தீவுல மாட்டிக்கிட்டோம். கரண்டு இல்ல, ஒளிவருடியும் ஓடல. அங்கவுள்ள டாக்டரு பழைய ஊசிய வச்சு உறிஞ்சிப் பாத்தாவ. இங்கதான் யாரும் கேக்கவே இல்லியே!"

செண்பகவல்லி மறுப்பை அழுத்தினாள்.

உறையின் முழுச் சுற்றையும் மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தார்கள். ஊசி போன அந்த ஓரிடம் தவிர, எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"தீர்ப்பு மாற்றம். தீங்கற்ற கட்டி" என்றது திசுநோக்கி.

செய்தி கேட்டு ஜெசிந்தா போட்ட கூச்சலில் ஆய்வகமே கைதட்டியது. "ஏ புள்ள, ஒனக்குக் கடலுக்கடியில ஒரு ரூம் போட்டு வைக்கேன், வந்துரு!"

மறுவாரம் விதி மாறியது: நோயாளியிடம் பேசாமல் இனிப் படம் திறக்காது. முதலில் வந்த பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எதச் சொல்லணும்மா?"

"முதல்லேருந்து சொல்லுங்க ஐயா" என்றாள் செண்பகவல்லி. திசுநோக்கி காத்திருந்தது.