வளராத நத்தைகள்

பசுவந்தனைச் சிவனாண்டி ஒரு கட்டுக் கீரையை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். கோவில்பட்டிக் கல்லூரியில் நத்தைகளை ஆராயும் கற்பகம் டீச்சர் ஊர்ச் சிக்கல்களையும் அவிழ்ப்பார் என்று யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள்.

“எட்டயபுரத்து மக வீட்டுக் கீரை, டீச்சர். மாசமா இருக்கா, தினமும் திங்கச் சொல்லியிருக்கேன்.” அடுத்த பேச்சில் குரல் மாறியது. “எந் தம்பி ராஜபாண்டி மருந்து வச்சு என் ஆடுகளக் கொன்னுட்டான். மாட்டு டாக்டரும் விஷம்னுட்டாவ. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன், ஒரு சாட்சியம் வேணும்.”

உதவியாளன் செல்வக்குமாருக்குத் துப்பறிவதில் இருந்த ஆசை பொறுமையில் இல்லை. மறுநாள் ராஜபாண்டியின் நிலத்தில் ஒரு காலிப் பூச்சிமருந்துப் புட்டி கிடைத்ததும் அவன் மனசுக்குள் வழக்கை முடித்துவிட்டான். கற்பகமோ மழை ஈரத்தில் குனிந்து நத்தை பொறுக்கினார். தம்பி நிலத்தில் கட்டைவிரல் பருமனில் நத்தைகள் ஊர்ந்தன. வரப்புக்கு இந்தப் பக்கம், அண்ணன் நிலத்தில், மொச்சைக்கொட்டை அளவில் வெறும் ஓடுகள். சிலது வெளுத்தும் சிலது புதிதாகவும் கிடந்தன.

பொறுக்கிய நத்தைகளையும் ஓடுகளையும் சோதித்த முடிவு வந்ததும் அண்ணன் தம்பி இருவரையும் கற்பகம் வரவழைத்தார். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

“அந்தப் புட்டி?” என்றான் செல்வக்குமார்.

“அது எல்லார் நிலத்துலயும் கிடக்கும். மருந்துன்னா பெரிய நத்தையும் சின்ன நத்தையும் ஒரே நாள்ல செத்திருக்கும். அண்ணாச்சி நிலத்துல பெரிய ஓடே இல்ல. குஞ்சுக வளர முடியாம மாசக்கணக்கா சாவுது. மண்ணுல இருக்கிறத நத்தை உடம்புலயும் ஓட்டுலயும் சேர்த்து வச்சுக்கும். அண்ணாச்சி நிலத்து ஓட்டுல ஈயம் இருக்கு, தம்பி நிலத்து நத்தையில இல்ல. கோடையில மண்ணுக்கு என்ன போட்டீங்க, அண்ணாச்சி?”

“கம்மாய்க் கரம்பை அடிச்சேன். வண்டல் போட்டா நிலம் தெளியும், எல்லாரும் செய்யுததுதான.”

“நான் அடிக்கல, எனக்கு லாரி பிடிக்க வழியில்ல,” என்றார் ராஜபாண்டி, தரையைப் பார்த்து.

“கம்மாய்க்கு மேல பழைய பேட்டரி உருக்குற பட்டறை இருக்கு. அதோட ஈயக் கழிவுதான் வண்டல்ல இறங்கியிருக்கு. அந்த நிலத்துல மேய்ஞ்சுதான் ஆடுக செத்தது. உங்க தம்பி ஒண்ணும் செய்யல.”

செல்வக்குமாருக்கு நெஞ்சு லேசானது. சிவனாண்டி தம்பியின் கையைப் பிடித்தார். பிடித்த கையைச் சட்டென்று விட்டார்.

“மிச்சக் கரம்பைய மக வீட்டுக் கீரைப்பாத்தியில கொட்டினேன், டீச்சர். நல்ல மண்ணுன்னு நானே கொட்டினேன்.”

கற்பகம் போனை அவர் பக்கம் நகர்த்தினார். “மககிட்ட உடனே பேசுங்க. இனி அந்தக் கீரைய அவ தொடக்கூடாது. இன்னைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்கணும்.”

ராஜபாண்டிதான் எண்ணைப் போட்டு, போனை அண்ணன் காதில் வைத்தார்.

“ஏட்டி, அமுதவள்ளி, இன்னைக்குக் கீரை சாப்பிட்டியா?”

மகளின் சிரிப்பு அறையில் எல்லோருக்கும் கேட்டது. “ஒருநாளும் விடலப்பா. நீங்க சொன்னத நான் எப்ப தட்டியிருக்கேன்?”