ஏழாவது ஹாரன்

நின்றிருந்தது ஆறு ஜீப். கேட்டது ஏழு ஹாரன்.

குழந்தைவேல் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடி எண்ணிப் பார்த்தான். சேலத்தில் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்ட பிறகும், நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் இந்தச் சினிமா மட்டும் நிற்கவில்லை. குடோன் சுவருக்கு வெள்ளையடித்து அதையே திரையாக்கியிருந்தார்கள். எதிரே சரளை மேட்டில் ஜீப்பை நிறுத்தி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே இருந்தபடியே படம் பார்ப்பார்கள். பனிமூட்டம் வந்து திரையை மூடினால் ஆபரேட்டர் ஜேசுதாஸ் மெஷினை நிறுத்திவிடுவார். எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு, வண்டிகள் நின்ற இடத்திலேயே இருக்கின்றன என்று தெரிவதற்காக இடமிருந்து வரிசையாக ஆளுக்கு ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். பனி விலகும்வரை ஒருத்தரும் வண்டியை எடுக்கக் கூடாது. வலது ஓரத்தில் பெரிய பள்ளம்.

கடைசி வண்டி அவனுடையது. அவன் அடித்து முடித்த பிறகுதான் அந்த ஏழாவது, பள்ளத்துப் பக்கமிருந்து, தண்ணீருக்குள் அடித்தது போலக் கேட்டது.

அது அவன் கூட்டாளி சின்னனுடைய வண்டி ஹாரன். சின்னன் செத்து ஒரு வருஷமாகிறது. போன ஐப்பசியில், இதே மாதிரி பனியில், சீக்கிரம் வீடு போய்ச் சேரலாமென்று குழந்தைவேல் யாருக்கும் சொல்லாமல் வண்டியை எடுத்தான். அவன் வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கை நம்பிச் சின்னன் பின்னாலேயே வந்தான். ஜேசுதாஸ் பார்த்தால் திட்டுவாரே என்று, திருப்பத்தில் குழந்தைவேல் விளக்கை அணைத்தான். சின்னன் வண்டியைத் திருப்பவில்லை, நேராகப் பள்ளத்துக்குள் போய்விட்டான். ஊரே பனியைப் பழித்தது. பாவி, இவனும் கூடச் சேர்ந்து பழித்தான்.

"ராசாத்தி, தூங்கிட்டியா கண்ணு?"

பின்சீட்டில் எட்டு வயது மகள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள். சவுக்கு மரங்களிலிருந்து கூரைத் துணியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளி வாடையோடு பெட்ரோல் வாடையும் சேர்ந்து வந்தது, அவன் வண்டி எஞ்சின் அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தும்.

எதிரே, பனிக்குள், ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

அதன் மேலே, ஏதோ ஒரு வண்டியின் பின்பக்கக் கண்ணாடியில், ஒரு சின்ன முகம். ரெட்டைச் சடை.

"அப்பா..."

ராசாத்தியின் குரல். முன்னாலிருந்து.

கையைப் பின்னால் நீட்டித் துழாவினான். சீட்டு சில்லென்று இருந்தது. பிள்ளை இல்லை. கம்பளியும் இல்லை.

சிவப்பு விளக்கு நகர்ந்தது. மெதுவாக. அன்று அவன் போன அதே வேகத்தில்.

"சின்னா, எம் புள்ளைய உட்ருடா! தப்பு நான் பண்ணுனதுடா!"

சாவியைத் திருகினான். ஜீப் உறுமியது.

"ஏனுங்க, யாருங்க அது? வண்டிய எடுக்காதீங்க!" ஜேசுதாஸ் கத்தினார்.

கேட்கவில்லை. சக்கரத்தடியில் சரளை நொறுங்கியது. முகம் அவனையே பார்த்தது. கை அசைத்தது. இன்னும் பத்தடி. ஐந்தடி.

விளக்கு அணைந்தது.

சரளைச் சத்தமும் நின்றது.

சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே, கீழே, உருண்டு விழுந்து கிடந்த கம்பளிக்குள்ளிருந்து தூக்கக் குரல் ஒன்று கேட்டது.

"அப்பா, ஊடு வந்திருச்சுங்களா?"