இளம்பரிதி, வயது மூன்று நாள்

காலை ஏழே கால் மணிக்கு, மெட்ரோ நிலையத்தின் குரல்வாயில் முன் நின்று, தினமும் சொல்வதுபோல் இளம்பரிதி தன் பெயரைச் சொன்னார். கதவு திறக்கவில்லை.

"இளம்பரிதி. வயது மூன்று நாள். தற்போது வீட்டில் உறங்குகிறார்," என்றது இயந்திரம்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரன் பிறந்தே மூன்று நாள்தான் ஆகிறது. அவனுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். அதே பதில். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டத் தொடங்கவே, உதவி மேசைக்கு ஒதுங்கினார்.

பெயரைக் கேட்டே எல்லாக் கதவும் திறக்கிற காலம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கருவிகள் குழம்புகின்றன என்று, ஒரு பெயருக்கு உயிரோடிருக்கும் ஒருவர்தான் எனச் சட்டமே போட்டுவிட்டார்கள். நல்ல பெயருக்கெல்லாம் அடிதடி! அவர் படித்த காலத்தில் வகுப்பு முழுக்க 'ஷ்' என்று முடிகிற பையன்கள். இளம்பரிதி என்றால் வாத்தியாருக்கே வாய் குழறும். இப்போதோ ஆண்பிள்ளைப் பெயர்களில் அதற்குத்தான் முதலிடம்.

மேசையிலிருந்த பெண் திரையைப் பார்த்தாள். "நேத்தே பெயர்விடுப்பு முடிஞ்சிருச்சே சார். பேரனுக்கு நீங்கதான் குடுத்திருக்கீங்க. உங்க குரலே இருக்கு, கேளுங்க."

கேட்டார். "என் பேரை இவனுக்குத் தர்றேன்." சந்தோஷத்தில் தழுதழுத்த அவர் குரலேதான். ஆஸ்பத்திரியில் பிள்ளையை மடியில் வைத்து, "சும்மா ஒரு பேச்சுக்கு, வாயால ஒரு தடவை சொல்லுங்கப்பா, கேக்க ஆசையா இருக்கு" என்று மகன் நிரூபன் கெஞ்சினானே! படுபாவி, பதிவு செய்திருக்கிறான்.

"சாட்சி உங்க வீட்டம்மா. அவங்ககிட்ட எல்லாத்தையும் விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருக்காங்க." அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணே ஆறுதலுக்கு வந்தாள். "இளஞ்சூரியன்னு அர்த்தம். அறுபத்திரண்டு வயசுல அது எதுக்கு சார்? உங்களுக்கு மூக்கையான்னு ஒதுக்கியிருக்காங்க. இந்த வருஷம் யாருமே கேக்காத பேரு."

பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததற்கு மூக்குக் குத்தி வைக்கிற பெயர் அது. அதுகூட அவரை உறுத்தவில்லை. வர்ஷினியுமா? கட்டிய மனைவியுமா? வேலைக்குப் போகாமல் வீட்டுக்கு நடந்தே திரும்பினார்.

கதவைத் திறந்த நிரூபன் பேந்தப் பேந்த விழித்தான். "இந்தப் பேருக்கு நாலாயிரம் பேரு வரிசையில நிக்கிறாங்கப்பா. உங்களுக்கப்புறம் அது யாருக்குப் போகும்னே சொல்ல முடியாது. பேரன்னாலே பேரைத் தாங்குறவன்தானே?"

"தாங்கட்டும்டா! நான் செத்தப்புறம் தாங்கட்டும். உசுரோட இருக்கையிலேயே ஏன்டா பிடுங்குன? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

உள்ளறையில் பிள்ளை சிணுங்கியது. "இளம்பரிதி... என் தங்கமே, இளம்பரிதி..." வர்ஷினிதான் கொஞ்சிக்கொண்டிருந்தாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் பிறந்த வீட்டு நம்பிக்கை. கல்யாணமான புதிதில் அவர் எவ்வளவோ கெஞ்சியும் தலையைக் குனிந்துகொண்டவள், முப்பத்தெட்டு வருஷமாக ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாதவள். இப்போது எவ்வளவு லேசாக வருகிறது!

"என்னம்மா?" என்று அவர் வாய் தன்னாலே குரல் கொடுத்துவிட்டது.

வர்ஷினி திரும்பிப் பார்த்தாள். "உங்களக் கூப்பிடலைங்க," என்றாள்.